துருப்பிடித்த கமாரோவை வாங்கலாமா? விலை எண்ணுக்கு, செலவு தகரத்துக்கு

கேள்வி இதுதான்: ஒஹாயோவில் கொலம்பஸுக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டகையில் 1969 செவர்லே கமாரோ ஒன்று 1988-லிருந்து ஓடாமல் நிற்கிறது. உடம்பெல்லாம் துரு, இன்ஜின் சுற்றவில்லை. 15,000 டாலர் கேட்கிறார்கள். இந்தத் துருவுக்கா இவ்வளவு விலை? வாங்கிச் சரிசெய்தால் போட்ட பணம் திரும்புமா?

15,000 டாலர் அதிகமா குறைவா என்பதைத் துருவைப் பார்த்துச் சொல்ல முடியாது. வண்டியின் எண்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வாங்கிய பிறகு எவ்வளவு செலவழிக்கப் போகிறீர்கள் என்பதை வேண்டுமானால் துரு சொல்லும். விலை எண்ணுக்கு, செலவு தகரத்துக்கு. இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் போடாமல் இறங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் வண்டியில் நானும் சுட்டுக்கொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் மிச்சிகனில் கார் பாடித் தகடுகளை அச்சில் அழுத்தும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். குளிர்காலச் சனி ஞாயிறுகள் கராஜில் பழைய வண்டிகளோடு கழியும். அதனால் தகரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்த வண்டிகளுக்கு ஏன் இந்த மதிப்பு? 1964-ல் பான்டியாக் நிறுவனம் தன் நடுத்தர அளவு டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல, அதாவது சுமார் 6.4 லிட்டர், வி8 இன்ஜினை வைத்து ஜிடிஓ என்று விற்றது. அந்த அளவு காரில் அவ்வளவு பெரிய இன்ஜின் வைக்கக்கூடாது என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் விதி இருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் அதைத் தனி மாடல் என்று சொல்லாமல், கூடுதல் பணம் கட்டினால் கிடைக்கும் ஒரு வசதியாகக் காட்டி விதியைத் தாண்டினார்கள். முதல் வருடமே 32,450 விற்றது. அப்புறம் எல்லாரும் ஓட ஆரம்பித்தார்கள்: செவர்லேயில் செவல், கமாரோ, ஃபோர்டில் பெரிய இன்ஜின் மஸ்டாங், டாட்ஜில் சார்ஜர், பிளைமவுத்தில் ரோட் ரன்னர். இளைஞர்கள் கட்டுப்படியாகும் விலையில் வாங்கக்கூடிய வேகம் அது. ஆனால் அந்த ஓட்டம் பத்து வருடம்கூட நீடிக்கவில்லை. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் இன்ஜின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது, 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்து கதையை முடித்தது. செய்த வண்டிகளில் பெரும்பகுதி மோதி நொறுங்கியது, அல்லது அரித்துப் போனது. மிஞ்சியவைதான் இன்று சந்தையில் சுற்றுகின்றன.

அதற்காக 1969 கமாரோ என்ற பெயர் மட்டும் அபூர்வமாகிவிடாது. அந்த மாடல் வருடத்தில் மட்டும் 2,43,085 கமாரோக்கள் செய்தார்கள். அதில் இசட்/28 என்ற வேக ரகம் 20,302. அலுமினிய 427 கன அங்குல இன்ஜின் போட்ட இசட்எல்1 வெறும் 69. ஒரே உருவம், ஒரே கதவு, ஒரே டிக்கி. விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் கொட்டகை வண்டி இந்த மூன்றில் எது என்பதுதான் முதல் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள். முன் கண்ணாடி வழியாக, ஓட்டுநர் பக்கம், டேஷ்போர்டின் மேல் ஒரு சின்னத் தகடு தெரியும். வண்டியின் அடையாள எண் அதில் இருக்கும். 12437 என்று தொடங்கினால் தொழிற்சாலையிலேயே வி8 இன்ஜினோடு பிறந்த கூபே. 12337 என்றால் ஆறு சிலிண்டர் வண்டி. பின்னால் யாராவது வி8 மாட்டியிருந்தாலும் அதன் பிறப்பு மாறாது. அடுத்து வரும் 9 என்பது 1969. அதற்கடுத்த எழுத்து 'என்' என்றால் ஒஹாயோவின் நார்வுட் தொழிற்சாலை, 'எல்' என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். இந்த எண் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட், செவர்லேயின் இன்னொரு வேக ரகம்) என்றோ இசட்/28 என்றோ சொல்லவே சொல்லாது. அங்கேதான் போலிகள் நுழைகின்றன.

பானெட்டைத் திறந்தால், இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில் இன்னொரு சின்னத் தகடு இருக்கும். நார்வுட் வண்டிகளில், 1968 டிசம்பர் வாக்கிலிருந்து, அதில் எக்ஸ் என்று தொடங்கும் குறி ஒன்று வரும். எக்ஸ் 33 அல்லது எக்ஸ் 77 என்று இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது இசட்/28. வான் நைஸ் வண்டிகளில் இந்தக் குறி கிடையாது. பிறகு இன்ஜின். வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், இன்ஜின் பிளாக்கிலேயே ஒரு தட்டையான இடம் உண்டு. பிரேக் கிளீனர் தெளித்துத் துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ்ஷோ உப்புத்தாளோ போட்டு அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். அங்கே இன்ஜின் குறி அடித்திருக்கும். 1969 இசட்/28-க்கு 'டிஇசட்'. வண்டி எண்ணின் கடைசிப் பகுதியும் அங்கேயோ ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்திலோ பொறித்திருக்கும். அது டேஷ்போர்டு எண்ணோடு ஒத்துப்போனால் இங்கே 'மேட்சிங் நம்பர்ஸ்' என்பார்கள். விலையைத் தூக்கி நிறுத்துவது அந்த ஒரு சொல்தான். அதனாலேயே அந்த இடத்தைச் சீவிவிட்டுப் புது எண் அடிக்கும் மோசடியும் உண்டு. தொழிற்சாலையில் கடைந்தபோது விழுந்த மெல்லிய நேர்கோடுகள் அந்தத் தட்டையில் தெரிகின்றனவா என்று பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மற்ற கம்பெனி வண்டி பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபோர்டு என்றால் 1967 முதலான வண்டிகளுக்குக் கம்பெனியின் உற்பத்திப் பதிவிலிருந்தே எடுத்த 'மார்ட்டி ரிப்போர்ட்' வாங்கலாம். பான்டியாக்குக்கு அதே மாதிரி 'பிஎச்எஸ்' (பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்) ஆவணம் கிடைக்கும். டாட்ஜ், பிளைமவுத் வண்டிகளின் எண்ணில் ஐந்தாவது எழுத்தே இன்ஜினைச் சொல்லிவிடும். 1970-ல் 'ஆர்' என்றால் 426 ஹெமி என்ற பேர்போன பெரிய இன்ஜின். செவர்லேக்காரர்களுக்குத்தான் இந்தக் கொடுப்பினை இல்லை. காகிதத்தை வண்டிக்குள்ளேயே தேட வேண்டும்.

இப்போது என் கதை. நான் முதலில் வாங்கியது 1970 செவல். எஸ்எஸ் 396 என்று சொல்லி விற்றார்கள், பளபளவென்று சிவப்புப் பெயின்ட். பெயின்ட்டைப் பார்த்துப் பணம் கொடுத்தேன். இரண்டாவது குளிர்காலத்தில் பின் சக்கரத்துக்குப் பின்னால், பக்கத் தகட்டின் அடியில், கொப்புளம் கிளம்பியது. சுண்டு விரல் நகத்தால் சுரண்டினேன். ஒரு வில்லை அப்படியே பெயர்ந்து வந்தது. உள்ளே இளஞ்சிவப்பாகப் பட்டி. உளி வைத்துத் தட்டத் தட்டப் பட்டி வந்துகொண்டே இருந்தது, விரல் கனத்துக்கு. அதற்குப் பின்னால் தகடே இல்லை. சாலைப் பெயர்ப்பலகையிலிருந்து வெட்டிய அலுமினியத் துண்டு ஒன்றை ரிவெட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். பச்சைப் பலகையின் பாதி எழுத்து அப்படியே இருந்தது. அந்த இடைவெளியில் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தார்கள்.

சரி, பிரித்தாகிவிட்டது, முழுதாகப் பிரிப்போம் என்று பெட்ரோல் டேங்கையும் இறக்கினோம். அந்தக் காலச் செவல்களில் டேங்கின் மேல், வண்டியில் என்னென்ன மாட்ட வேண்டும் என்று குறித்த தொழிற்சாலைத் தாளை விட்டுவைப்பது வழக்கம் என்று தெரியும். அதனால் நண்பர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து அங்குலம் அங்குலமாக இறக்கினோம். தாள் இருந்தது. பழுப்பேறி, ஈரத்தில் ஒட்டி, மூலையை எலி கடித்திருந்தது. நீராவி காட்டிப் பிரித்து இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்துப் படித்தோம். எஸ்எஸ் 396 என்றால் இசட்25 என்ற குறி இருந்திருக்க வேண்டும். இல்லை. 307 இன்ஜின் போட்ட சாதாரண மலிபு. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அந்த வண்டியை நான் விற்கவில்லை, மலிபுவாகவே சரிசெய்து இன்னும் ஓட்டுகிறேன். தாள் சட்டம் போட்டு கராஜ் சுவரில் தொங்குகிறது.

இனி தகரம். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், சுமார் 1,200 அடி ஆழத்தில், ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. இந்த வண்டிகளைச் செய்த கம்பெனிகளின் நகரத்துக் காலடியிலேயே அவற்றைத் தின்ற உப்பும் கிடக்கிறது என்பதை முதலில் கேட்டபோது எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மிச்சிகன், ஒஹாயோ, இண்டியானா எங்கும் பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், குளோரைடு தகட்டின் மேல் எந்தப் பாதுகாப்புப் படலத்தையும் நிலைக்க விடாது. அதனால் துரு பல மடங்கு வேகமாக ஏறும். அன்றைய வண்டிகளில் துத்தநாகப் பூச்சும் பெரும்பாலும் இல்லை. தகட்டின் மேல் தகடு வைத்து ஸ்பாட் வெல்ட் அடித்த மடிப்புகளுக்குள் பெயின்ட் போகவே இல்லை. துரு அங்கேதான் பிறக்கிறது. இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். அது வீங்கி இரண்டு தகட்டையும் பிளக்கும். நாம் வெளியே பார்க்கும் கொப்புளம், உள்ளே வேலை முடிந்துவிட்டது என்ற செய்தி.

ஆகவே வெளியில் பரவியிருக்கும் செம்பழுப்புத் துருவைக் கண்டு பயப்படாதீர்கள். கொட்டகையில் நின்ற வண்டியின் பானெட்டும் கூரையும் செக்கச்செவேலென்று இருந்தாலும், தேய்த்தால் அடியில் முழுத் தகடு இருக்கும். பயப்பட வேண்டிய இடங்கள் வேறு. பக்கத் தகட்டின் அடிப்பகுதி, டிக்கித் தரையின் இரண்டு ஓரப் பள்ளங்கள், கதவுக்குக் கீழே உள்ள பெட்டி உத்தரம், கால் வைக்கும் தரை, பின் கண்ணாடியின் கீழ் மூலைகள், பின் ஸ்பிரிங் பட்டைகள் முன்னால் போய் மாட்டும் இடம். கூரைக்கு வினைல் உறை போட்ட வண்டி என்றால் அந்த உறைக்கு அடியிலும் பார்க்க வேண்டும். அது ஈரத்துணி போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி இழுத்துப் பாருங்கள். பட்டி பார்த்த இடத்தில் பிடிமானம் தளரும். அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்துங்கள். 'டங்' என்றால் தகடு. 'சொத்' என்று இறங்கினால் அந்த இடம் போய்விட்டது.

கமாரோவில் எல்லாவற்றையும்விட மோசமான இடம் கவுல். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில், காற்று உள்ளே போகச் சல்லடை இருக்கிறதல்லவா, அதற்கு அடியில் ஒரு மூடிய பெட்டி உண்டு. இலையும் பைன் ஊசியும் அதற்குள் விழுந்து மக்கி மண்ணாகும், மழைத் தண்ணீர் அதில் ஊறிக்கொண்டே இருக்கும். கையே போகாத இடம். ஒரு லிட்டர் தண்ணீரைச் சல்லடை வழியாக மெதுவாக ஊற்றுங்கள். முன் ஃபெண்டருக்குப் பின்னால், கதவுக்கு முன்னால், தரையில் வடிந்தால் நல்லது. உள்ளே கால்மிதி மேல் சொட்டினால் கவுல் அரித்துவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்ய முன் கண்ணாடி, ஃபெண்டர்கள், டேஷ்போர்டு எல்லாவற்றையும் கழற்றி, ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து, மேல் தகட்டையே தூக்க வேண்டும். தரைத் தகடு மாற்றுவது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இன்ஜின் சுற்றவில்லை என்பது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், உங்கள் கவலைகளில் சின்னது. பேட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரை மட்டும் தொடாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் கலந்து கொஞ்சம் விட்டு, ஒன்றிரண்டு வாரம் ஊறவிடுங்கள். அசிட்டோன் தீப்பிடிக்கும், கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் நீளமான கம்பி போட்டுக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். இளகினால் சரி. இளகாவிட்டாலும் பிளாக் விரிசல் விடாமல் இருந்தால் கடைந்து சரிசெய்துவிடலாம்.

தகர வேலையை நம்மூரில் டிங்கரிங் என்போமே, அதில் இங்கே எல்லாரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. தரையும் உத்தரமும் அரித்த வண்டியில் அவற்றை வெட்டுவதற்கு முன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வெல்ட் அடித்து உடம்பைப் பிணைக்க வேண்டும். கமாரோவுக்கு முன்பாதிக்கு மட்டும்தான் தனிச் சட்டம். மற்றதெல்லாம் உடம்பே சட்டம். பிணைக்காமல் வெட்டினால் கூடு தொய்ந்துவிடும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. வெல்ட் அடிக்கும்போது ஒரே கோடாக இழுக்காதீர்கள். தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, சூட்டில் அப்பளம் போல் நெளியும். இங்கே ஒரு பொட்டு, அரை அடி தள்ளி ஒரு பொட்டு, தொட்டுப் பார்த்துச் சூடு ஆறிய பிறகு அடுத்தது. மணல் வீச்சும் சட்டத்துக்கும் கனமான பாகங்களுக்கும்தான்; கதவு, பானெட், கூரை மேல் காட்டினால் நெளிந்துவிடும். வெறும் தகடு தெரிந்ததும் அன்றே எபாக்ஸி பிரைமர். கடைசியில் மடிப்புகளுக்குச் சீலர், மூடிய உத்தரங்களுக்குள் மெழுகு.

சின்னப் பாகங்களுக்கு நான் நம்புவது வாளியும் சலவைச் சோடாவும். தண்ணீரில் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை உள்ளே தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை அதில் மாட்டி, பாசிட்டிவை வேண்டாத இரும்புத் துண்டில் மாட்டினால் ஒரு ராத்திரியில் துரு கறுத்துக் கழன்று வரும். பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் போடவே கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும், அதனால் வெளியில் வைத்துச் செய்யுங்கள். கூரையும் பக்கத் தகடும் சேரும் இடத்தில் தொழிற்சாலையில் ஈயம் வைத்து நிரப்பியிருக்கிறார்கள்; முகமூடி இல்லாமல் அங்கே கிரைண்டர் வைக்காதீர்கள். பழைய பிரேக் ஷூவின் தூசியில் கல்நார் இருக்கும், காற்றடித்து ஊதாதீர்கள்.

1969 கமாரோவுக்கு முழுக் கூடே புதிதாக, உரிமம் பெற்று அழுத்தி விற்கிறார்கள். அப்படியானால் துருப்பிடித்ததை எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்கலாம். அந்தப் புதுக் கூட்டுக்கு 1969-ன் எண் கிடையாது. பழைய எண் தகட்டைப் பெயர்த்துப் புதுக் கூட்டில் ஒட்டினால் சட்டச் சிக்கல். எண் தகட்டை எடுப்பதும் மாற்றுவதும் கூட்டரசுக் குற்றமாகலாம். கன்சாஸில் ஒருவர் வாங்கிய 1959 கார்வெட்டை, முன்பு சீரமைத்தபோது எண் தகட்டைக் கழற்றித் திரும்ப மாட்டியிருந்தார்கள் என்பதற்காகவே காவல்துறை பறிமுதல் செய்தது. பிறகு அந்த மாநிலம் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. அதனால் டேஷ்போர்டில் உள்ள அந்தத் தகட்டைத் தொடவே தொடாதீர்கள். டைட்டில் என்ற உரிமைப் பத்திரம் விற்பவர் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒஹாயோவில் கைமாற்று நோட்டரி முன்னால்தான் நடக்க வேண்டும்; 'பத்திரம் தொலைந்துவிட்டது, அப்புறம் தருகிறேன்' என்ற பேச்சுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பணம் திரும்புமா? ஒழுங்கான பட்டறையில் முழுச் சீரமைப்பு சர்வசாதாரணமாக ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டும். மணிக்கு 100 டாலர் என்றாலே கூலி மட்டும் ஒரு லட்சம் டாலர். 327 அல்லது 307 இன்ஜின் போட்ட சாதாரண வி8 கமாரோவுக்கு அந்தப் பணம் திரும்பாது. நீங்களே உங்கள் கையால் செய்தால் மட்டும் கணக்கு கிட்டத்தட்ட நேராகும், அதுவும் உங்கள் நேரத்துக்கு விலை வைக்காவிட்டால். எண்கள் ஒத்துப்போகும் இசட்/28 என்றால் பட்டறையில் கொடுத்தாலும் நியாயம் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு டஜன் மட்டுமே செய்த 1971 பிளைமவுத் ஹெமி குடா திறந்த கூரை வண்டிகளில் ஒன்று 2014-ல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எல்லாத் துருவுக்கும் விலை ஏற்றுகிறார்கள், அதை நம்பாதீர்கள்.

இன்னொன்று, எனக்கு இதில் மிகவும் அழுத்தமான எண்ணம் உண்டு. அந்தக் கமாரோவின் தகடு முழுதாக இருந்து, பெயின்ட் மட்டும் மங்கியிருந்தால், அவசரப்பட்டுச் சுரண்டாதீர்கள். நடிகர் ஸ்டீவ் மெக்வீன் 'புல்லிட்' படத்தில் ஓட்டிய பச்சை நிற 1968 மஸ்டாங்கை 1974-ல் ஒரு குடும்பம் வாங்கி அன்றாட வண்டியாக ஓட்டியது. பிறகு பல வருடம் அது நின்றது. 2020 ஜனவரியில் புளோரிடாவின் கிஸ்ஸிம்மியில் ஏலத்துக்கு வந்தபோது பெயின்ட் மங்கி, துருவும் நசுங்கலுமாக, யாரும் சீரமைக்காத நிலையில் இருந்தது. கட்டணம் சேர்த்து 37.4 லட்சம் டாலர் கொடுத்தார்கள். படத்தின் புகழ் பெரிய காரணம்தான். ஆனாலும் அதைப் புதுப்பெயின்ட் அடித்துக் கொண்டுவந்திருந்தால் அது அந்த வண்டிதான் என்பதற்கான தடயங்களில் பாதி அழிந்திருக்கும். புதுப் பெயின்ட் எத்தனை தரம் வேண்டுமானாலும் அடிக்கலாம். தொழிற்சாலையில் ஒருவர் கையால் சாக்பீஸில் கிறுக்கிய குறி ஒரு தரம் போனால் போனதுதான்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். எண் 12337 என்று தொடங்கினால், அல்லது கவுலும் பின் ஸ்பிரிங் மாட்டும் இடமும் இரண்டும் அரித்திருந்தால், 15,000 கொடுக்காதீர்கள். 12437 ஆக இருந்து, கவுல் காய்ந்து, பக்கத் தகடும் டிக்கித் தரையும் மட்டும் போயிருந்தால், பேசிக் குறைத்து வாங்குங்கள். அந்தத் தகடுகள் எல்லாம் கடையில் கிடைக்கும். எக்ஸ் 33 அல்லது எக்ஸ் 77 கண்ணில் பட்டால், அதோடு இன்ஜின் எண்ணும் ஒத்துப்போனால், துருவைக் காட்டி அதிகம் பேரம் பேசி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது டார்ச், காந்தம், ஸ்க்ரூ டிரைவர், ஒரு பாட்டில் தண்ணீர், படுக்க ஒரு பழைய அட்டை எடுத்துப் போங்கள். இரண்டு தகடுகளையும் இன்ஜின் எண்ணையும் தெளிவாகப் படம் எடுத்து இங்கே போடுங்கள். கவுலில் ஊற்றிய தண்ணீர் எங்கே வந்தது என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு விலை பேசுவோம்.